வெள்ளிக்கிழமை இயற்கை மரணம்

செத்த மிருகத்தை அறுத்துப் பார்த்து, அது ஏன் செத்தது என்று சொல்வது என் மகளின் தொழில். கால்நடை நோயியல் வல்லுநர் என்று அவள் அறை வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள். நான் லாரி ஓட்டிப் பிழைத்தவன். அந்தப் பேர் என் வாயில் முழுசாக நுழையாது. யாராவது கேட்டால், "மாட்டு டாக்டர்தான், ஆனா மாடு செத்தப்புறம்தான் வருவா" என்று சொல்லிவிடுவேன்.

"பெத்த பொண்ணைப் பத்திப் பேசுற பேச்சா இது?" என்பாள் என் வீட்டுக்காரி.

மகள் சிரிப்பாள். "விடும்மா. என்கிட்ட வந்த நோயாளி ஒண்ணாவது இதுவரைக்கும் குறை சொல்லியிருக்கா?"

அவள் வேலையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், சிமெண்டு மேசைக்கு முன்னால், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்பாள். ஒரு பண்ணையில் ஆடுகள் வரிசையாக விழுந்தால், செத்ததில் ஒன்றை இவள் திறந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் மிச்ச ஆடுகள் பிழைக்கும். எனக்கு மரியாதை இல்லாதது அவளை அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டு போன இடத்தின் மேல்.

அதற்குப் பேர் மூப்பியல் ஆராய்ச்சி நிலையம். ஊருக்கு வெளியே, வெயில் பட்டால் கண் கூசுகிற கண்ணாடிக் கட்டடம். உயிர்கள் ஏன் கிழடாகின்றன என்று கண்டுபிடிக்கப் போகிறார்களாம். கூண்டு கூண்டாக எலி வளர்த்தார்கள். செத்த எலியைத் திறந்து பார்த்துச் சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அதனால் அறுக்கத் தெரிந்த டாக்டர்களைப் பொறுக்கி எடுத்து, மூப்பு ஆராய்ச்சிக்குப் பழக்குவது என்று ஒரு திட்டம் போட்டார்கள். என் மகளை எடுத்தார்கள். கோழிப் பண்ணைகளில் காலம் தள்ளிய ஒருவரையும் எடுத்தார்கள். அவரைக் கோழி டாக்டர் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். இன்னும் சில பேர் உண்டு.

முதல் நாள் மகள் பூட்ஸோடும் கத்திப் பையோடும் போனாள். கத்திப் பையை வாசலிலேயே வாங்கிவைத்துக்கொண்டார்கள். கத்தி கடைசிக் கட்டமாம். முதல் கட்டம் மனப்பான்மை.

மனப்பான்மை என்றால் இதுதான்: கிழடு என்று யாரும் சொல்லக் கூடாது, 'ஆயுள் முதிர்ந்த' என்று சொல்ல வேண்டும். அதைப் பழக ஒரு வாரம். அடுத்த வாரம் எல்லோருக்கும் காதில் பஞ்சு அடைத்து, மங்கல் கண்ணாடி மாட்டி, முழங்காலில் மணல் மூட்டை கட்டி, மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னார்கள். முதுமை எப்படி இருக்கும் என்று உணர வேண்டுமாம். கோழி டாக்டர் மேல்படியிலிருந்து கீழ்ப்படி வரைக்கும் உருண்டு மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அவருக்கு அந்தப் பாடத்தில் முதல் மதிப்பெண்.

"அப்ப நீ என்னம்மா கத்துக்கிட்டே?" என்று கேட்டேன்.

"வயசானவங்களுக்குப் படி ஏறக் கஷ்டம்னு."

"இதை என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

"உங்க முழங்காலுக்கு ஆதாரம் இல்லப்பா. கோழி டாக்டர் மணிக்கட்டுக்கு இருக்கு."

பயிற்சி பெறுவோர் குடும்பத்தையெல்லாம் கூப்பிட்டு ஒரு விழா நடத்தினார்கள். நானும் வீட்டுக்காரியும் போனோம். மூப்பை ஆராய்கிற இடம். வாசலிலிருந்து அரங்கத்துக்குப் போகிற வழி முழுக்கப் படிக்கட்டு, நடுவில் உட்கார ஒரு திண்டுகூட இல்லை. ஒரு மூலையில் நல்ல நாற்காலி ஒன்று இருந்தது. கைப்பிடி வைத்து, முதுகுக்கு மெத்தை வைத்தது. உட்காரப் போனேன். எப்போதும் சிரித்த முகமாக இருக்கிற ஒரு பெண் ஓடிவந்தாள். அவள்தான் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர்.

"ஐயா, ஐயா, உட்காராதீங்க! அது முதியவர்களுக்கான நாற்காலி."

"நான் யாராம்மா?"

"இல்லீங்க, அது ஆராய்ச்சியில இருக்கு. முடிவு வந்ததும் உட்காரலாம்."

இயக்குநர் மேடையேறினார். தலைமுடிக்குக் கறுப்புச் சாயம். நெற்றியோரம் கொஞ்சம் வழிந்திருந்தது. "பெரியோர்களே! இந்த நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை இங்கே ஒரு விலங்குகூட முதுமையால் இறந்ததில்லை என்பதைப் பெருமையோடு அறிவித்துக்கொள்கிறேன்!" என்றார். அரங்கமே கைதட்டியது. என் மகள் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "கிழடாகாம இருக்க மருந்து கண்டுபிடிச்சுட்டாங்களா என்ன?"

"எலி கிழடாக மூணு வருஷம் ஆகும்பா. திட்டத்துக்கு ஆயுசு ரெண்டே வருஷம். திட்டம் முடியும்போது எலியையும் முடிச்சுடுவாங்க. அடுத்த திட்டத்துக்குப் புதுசா குட்டி வாங்குவாங்க."

"அப்ப கிழட்டு எலியை அங்க யாருமே பார்த்ததில்லையா?"

"இயக்குநர் ஒரு தடவை பார்த்திருக்காராம். அவர் வீட்டுச் சமையல்கட்டுல. அடிச்சுட்டாராம்."

இப்படியாக, கிழட்டு விலங்கு ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காமலே மூப்பு வல்லுநர்களாகத் தேறிவிடுவார்கள் என்ற நிலைமை வந்தது. மேலிடத்திலிருந்து வந்த யாரோ, இது என்ன கூத்து என்று கேட்டுவிட்டார்கள். உடனே ஒரு ஆயுள் முதிர்ந்த விலங்கு வேண்டும் என்று நிலையம் பரபரத்தது. வயது சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும், இயற்கையாக இறக்க வேண்டும், இறந்ததும் பயிற்சி பெறுவோர் திறந்து பார்க்க வேண்டும். என் மகள் நாக்கை அடக்காமல் எங்கள் வீட்டு நாயைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

எங்கள் நாய்க்கு வக்கீல் என்று பேர். தெருவில் யார் போனாலும் தலையைச் சாய்த்து, இரண்டு தடவை குரைத்து, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடியும் குரைப்பான். என் லாரிக்கு அடியில் பிறந்தவன். ஆகவே வயது எனக்குத் தெரியும். ஒரு கண்ணில் பால் படர்ந்துவிட்டது. பின்னங்கால் நடுங்கும். வீட்டுக்காரியின் பாதத்தில் தாடையை வைத்தால்தான் தூங்குவான்.

"குடுக்க முடியாது," என்றாள் வீட்டுக்காரி.

மகள் தரையில் உட்கார்ந்து அவன் காதைத் தடவிக்கொண்டே பேசினாள். "அம்மா, வயசுங்கிறது உடம்புக்குள்ள என்ன பண்ணுதுன்னு பார்க்கத்தான் நான் அங்க போனேன். இவனை விட்டா எனக்கு வேற வழியில்ல. அங்க சும்மா படுத்திருப்பான், அவ்வளவுதான். அவன் நேரம் வரும்போது அவனே போவான். அதுக்கு முன்னாடி யாரும் அவன்மேல கை வைக்க மாட்டாங்க. நான் பொறுப்பு."

மகளை நான் நம்பினேன். கண்ணாடிக் கட்டடத்தை நம்பவில்லை. ஆனால் பாதி நம்பிக்கைக்குப் பாதி நாயை அனுப்ப முடியாதே. அனுப்பினோம்.

அங்கே வயது நிர்ணயக் குழு ஒன்று இருந்தது. மூன்று பேர் வக்கீலை நீளம் அளந்தார்கள், நிறுத்துப் பார்த்தார்கள், பல்லைப் பார்த்தார்கள். அதில் ஒருவர் ஓர் அட்டவணையைப் புரட்டிவிட்டு முகம் சுளித்தார்.

"இந்த உயரம், இந்த எடை உள்ள நாய் போன வருஷமே இறந்திருக்கணுமே?"

"அவனுக்கு யாரும் சொல்லலைங்க," என்றேன்.

"ஐயா, இது விளையாட்டு இல்ல. அட்டவணைப்படி இது இருக்க வாய்ப்பில்ல."

வக்கீல் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்து இரண்டு தடவை குரைத்துவிட்டுக் காத்திருந்தான். விதிவிலக்கு என்று எழுதி உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

உள்ளே ராஜ மரியாதை. குளிரும் வெயிலும் அண்டாத அறை, பஞ்சு மெத்தை, வேளாவேளைக்கு வேகவைத்த இறைச்சி. இவன் பட்டென்று போய்விட்டால் கவனிப்புக் குறைவு என்று பேர் வருமே என்ற பயம். அதன் விளைவு என்ன ஆகும் என்று அங்கே எந்தப் படித்தவரும் யோசிக்கவில்லை. வக்கீலுக்கு உடம்பு தேறிவிட்டது. முடி பளபளத்தது. பின்னங்கால் நடுக்கம் குறைந்தது.

நான் வாரம் ஒரு தடவை பார்க்கப் போவேன். டாக்டர்கள் மெத்தையைச் சுற்றி நாற்காலி போட்டு, கையில் பேனாவோடு உட்கார்ந்திருப்பார்கள். அவன் நடுவில் குறட்டை விடுவான். மூச்சு கொஞ்சம் இழுத்தால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். சொத்துக்காரக் கிழவர் கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காவது கொஞ்சம் வெட்கம் இருந்தது.

"என்னங்கய்யா, உங்க ஆளு இன்னும் எவ்வளவு நாளைக்கு இழுப்பாரு?" என்று கோழி டாக்டர் மெதுவாகக் கேட்டார். மணிக்கட்டில் கட்டு இன்னும் இருந்தது.

"ஏன், உங்களுக்கு அவசரமா?"

"எனக்கு இல்லீங்க. எனக்கு இவனைப் பிடிச்சுப்போச்சு. மேல இருக்கிறவங்களுக்குத்தான் அவசரம். திட்டம் முடியுதுல்ல."

மேலே இருக்கிறவர்களின் அவசரம் சீக்கிரமே தெரிந்தது. ஒருநாள் காலை ஒருங்கிணைப்பாளர் போன் செய்தாள். போனிலேயே சிரித்த முகம் தெரிந்தது.

"ஐயா வணக்கம்! உங்க வக்கீலோட இயற்கை மரண நிகழ்ச்சிக்கு நீங்களும் அம்மாவும் கண்டிப்பா வரணும். முன் வரிசையில இடம் போட்டிருக்கோம்."

"எப்பம்மா செத்தான்?"

"இன்னும் இல்லீங்க. வர்ற வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை சாவான்னு யாரு சொன்னது?"

"நிகழ்ச்சி நிரல் வந்துடுச்சுங்க ஐயா. வரவேற்புரை முடிஞ்சதும் இயற்கை மரணம், அப்புறம் சிறப்பு விருந்தினர் முன்னிலையில உடற்கூறாய்வு, அப்புறம் டீ."

போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினேன். "வக்கீலோட வாங்க, இல்லாட்டி வராதீங்க," என்றாள் வீட்டுக்காரி.

நான் போய்ச் சேர்ந்தபோது என் மகள் இயக்குநர் அறையில் நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. அவளுக்கும் அன்றுதான் சொல்லியிருந்தார்கள். இயக்குநர் எனக்கு நாற்காலி காட்டினார். ஆராய்ச்சியில் இல்லாத நாற்காலி.

"பெரியவரே, உங்க உணர்வு எனக்குப் புரியுது," என்று ஆரம்பித்தார். "ஆனா பாருங்க, இயற்கைங்கிறது ஒரு பொறுப்பில்லாத அமைப்பு. அதுக்குக் காலக்கெடு தெரியாது. நாங்க இயற்கையை மீறல. அது கடைசியில எதைச் செய்யப்போகுதோ, அதை உரிய நாளுக்குள்ள செஞ்சு முடிக்க நிர்வாக ரீதியா உதவுறோம். ஒரு சின்ன ஊசி. வலியே இருக்காது."

"ஊசி போட்டுக் கொன்னா அது கொலைதானுங்களே? அதுல இயற்கை எங்க இருக்கு?"

"மரணம் இயற்கைதானே? ஊசி அதுக்கு ஒரு வாகனம், அவ்வளவுதான். நீங்க லாரி ஓட்டினவர்னு சொன்னாங்க, உங்களுக்குப் புரியணுமே."

மகள் குறுக்கே பேசினாள். "சார், ஊசி போட்டுத் திறந்தா நான் உள்ள பார்க்கப்போறது ஊசி செஞ்ச வேலையை. வயசு செஞ்ச வேலை முடியறதுக்கு முன்னாடியே நிறுத்திடுறோம். எலிக்குச் செஞ்சதையேதான் இவனுக்கும் செய்றோம்."

"அம்மா, நீங்க விஞ்ஞானம் பேசுறீங்க. இது ஆராய்ச்சி நிலையம். இங்க அதுக்கெல்லாம் ஒரு இடம் இருக்கு, ஒரு நேரம் இருக்கு." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "யோசிச்சுப் பாருங்க. இவ்வளவு செலவழிச்சு, இவ்வளவு டாக்டர்களைப் பழக்கி, ஒரு நாய் ஒத்துழைக்கலைங்கிறதுக்காக மூப்பு ஆராய்ச்சியே நின்னுபோகணுமா? இவனுக்கு முன்னால இருந்த எலி ஒண்ணாவது இப்படிப் பிடிவாதம் பிடிச்சதா? ஊசியை நீங்களே போட்டா இன்னும் நல்லது. வீட்டு மனுஷங்க கையால போனா, அதைவிட இயற்கை வேற எது? போடலைன்னா உங்க பயிற்சி முழுமையடையலைன்னுதான் நான் எழுதணும்."

மகள் என்னைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தாள். அப்புறம், "சரிங்க சார்," என்றாள்.

அவளைச் சைக்கிளின் முன்கம்பியில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் நான். கடைசியில் இவளையும் பழக்கிவிட்டார்களே என்று நினைத்தேன்.

அவள் என் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்தாள். "அப்பா, வண்டியை எங்க நிறுத்தியிருக்கீங்க?"

"கேட்டுக்கு வெளிய. ஏன்?"

"பின்கதவைத் திறந்துவைங்க."

பிறகுதான் சொன்னாள். அந்த நிலையத்திலிருந்து உயிருள்ள விலங்கை வெளியே எடுக்க வேண்டுமென்றால் குழு கூட வேண்டும், அந்தக் குழு கூடுவதற்கு இன்னொரு குழு ஒப்புக்கொள்ள வேண்டும். செத்த விலங்கை யாரும் எப்போது வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். அங்கே செத்ததைப் பற்றிக் கேள்வி கேட்கிற வழக்கம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் பிணம் தள்ளுகிற வண்டியில் வெள்ளைத் துணி போர்த்தி, மகள் முன்னால் இழுக்க, கோழி டாக்டர் ஒற்றைக் கையால் பின்னால் தள்ள, வக்கீல் வந்தான். மதியச் சாப்பாடு முடிந்த தூக்கம். கேட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அப்போது துணிக்குள்ளிருந்து நீளமாக ஒரு குறட்டை வந்தது.

கேட்டுக்காரர் துணியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "டாக்டரம்மா, பொணம் குறட்டை விடுது."

"உள்ள தங்கின காத்து வெளிய வருது."

"ஆமாமா, வரும் வரும். எங்க இயக்குநருக்கும் மத்தியானத்துல இப்படித்தான் வரும்," என்று சொல்லிக் கேட்டைத் திறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அங்கே நடந்ததைக் கோழி டாக்டர் வந்து சொன்னார். நாய் இல்லை என்றதும் ஒருங்கிணைப்பாளர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லையாம். சிறப்பு விருந்தினர் வந்து உட்கார்ந்துவிட்டார். மேசை மேல் கத்திகள் பளபளவென்று அடுக்கியிருந்தன. இயக்குநர் மேடையேறினாராம். அப்புறம் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு பேசினாராம்:

"நண்பர்களே! இங்கே இன்று ஒரு மரணம் நிகழ்ந்திருக்க வேண்டும். நிகழவில்லை! அட்டவணைகள் கைவிட்ட ஒரு விலங்கு, நடக்க முடியாமல் வந்த ஒரு விலங்கு, நம்முடைய பராமரிப்பில் இறக்க மறுத்து, தன் சொந்தக் காலால் வீடு திரும்பிவிட்டது. மூப்பை ஆராய வந்தோம், மூப்பைத் தோற்கடித்துவிட்டோம்!"

சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினாராம். திட்டத்தை இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீட்டித்து அந்த மேடையிலேயே அறிவித்துவிட்டுத்தான் டீ குடித்தாராம். எல்லோருக்கும் மூப்பு வல்லுநர் பட்டம். என் மகளுக்கும் சேர்த்து.

"நான் எதையும் அறுக்கலையே?" என்றாள் மகள்.

"நான் மட்டும் என்னத்தை அறுத்தேன்? கையைத்தான் ஒடிச்சுக்கிட்டேன்," என்றார் அவர்.

வக்கீல் வீட்டில் பழைய இடத்தில் படுத்துக்கொண்டான். மெத்தை உடம்பு கொஞ்ச நாளில் இறங்கிவிட்டது. மழைக்காலம் முடிகிற சமயம் சாப்பிடுவதைக் குறைத்தான். அப்புறம் தண்ணீர் மட்டும். ஒரு மத்தியானம் வீட்டுக்காரியின் பாதத்தில் தாடையை வைத்தபடியே போய்விட்டான். அவள் காலை எடுக்காமல் சாயங்காலம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இயக்குநருக்குப் போன் போட்டாள். எனக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டாள்.

"சார், வக்கீல் இறந்துட்டான். ஊசி கீசி எதுவும் இல்ல, தானா. நீங்க கேட்டது இதைத்தான். எல்லாரையும் அனுப்புங்க, இப்பவே பார்க்கலாம்."

"அம்மா, அவன் எப்படி இறக்க முடியும்? அறிக்கை மேலிடத்துக்குப் போயிடுச்சே," என்றார் இயக்குநர். "நீங்க ஏதோ மனக்கஷ்டத்துல பேசுறீங்க. ரெண்டு நாள் ஓய்வெடுங்க."

யாரும் வரவில்லை. கோழி டாக்டர் மட்டும் வந்தார், தன் சொந்தக் கத்தியோடு.

மகள் எங்கள் இருவரையும் பார்த்தாள். "பார்க்கட்டுமா? நீங்க வேணாம்னா வேணாம்."

நான் வீட்டுக்காரியைப் பார்த்தேன். "தச்சு மூடித் தருவியா?" என்று கேட்டாள் அவள்.

"பார்த்தா தெரியாதபடி தச்சுத் தர்றேம்மா."

லாரி நிறுத்துகிற கொட்டகையில், பழைய கதவு ஒன்றை முட்டுக் கொடுத்துக் கிடத்தினோம். நான் வெளியே நின்றேன். உள்ளே இருவரும் மெதுவாகப் பேசிக்கொள்வது கேட்டது. கோழி டாக்டர் ஒரு தடவை, "அடேயப்பா, இதை இப்பத்தான் பார்க்கிறேன்," என்றார். அவ்வளவு வருஷப் படிப்பு, அவ்வளவு பெரிய கட்டடம், அவருக்கு ஒரு கிழட்டு உடம்பின் உள்பக்கம் பார்க்கக் கிடைத்தது என் கொட்டகையில்.

மகள் கை கழுவ வெளியே வந்தாள்.

"எதனால செத்தான்?"

"இதயத்துல வால்வு தடிச்சிருக்கு. சிறுநீரகம் சுருங்கியிருக்கு. மண்ணீரல்ல கட்டி, கெட்ட கட்டி இல்ல. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்பா. எது ஒண்ணும் தனியா அவனைக் கொல்ற அளவுக்கு இல்ல." சோப்புக் கையோடு அப்படியே நின்றாள். "இதைப் பார்க்கத்தான் நான் அங்க போனேன்."

சொன்னபடி தைத்துக் கொடுத்தாள். அன்றைக்கே புதைத்தோம். அடுத்த வாரம் அவள் தன் பழைய தகரக் கொட்டகைக்கே வேலைக்குத் திரும்பினாள்.

மாதம் முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் போன் செய்தாள்.

"ஐயா வணக்கம்! ஆண்டறிக்கைக்காகக் கூப்பிடுறேன். வக்கீல் எப்படி இருக்காரு?"

"செத்துப்போயிட்டான்மா. புதைச்சாச்சு."

"ஐயோ, அப்படிங்களா." பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. "அது தவிர உடம்பு எப்படி இருக்கு?"

"என்னம்மா கேக்குற? செத்துட்டான்னு சொல்றேன்."

"புரியுதுங்கய்யா. அதைக் குறிக்கப் படிவத்துல இடம் விடல. நான் கேட்கிறதுக்கு மட்டும் சொல்லுங்க. சாப்பாட்டுக்குத் தொந்தரவு பண்றாரா?"

"இல்ல."

"வீட்டுக்குள்ள அசிங்கம் பண்றாரா?"

"இல்லம்மா."

"வர்றவங்க போறவங்களைப் பார்த்துக் குரைக்கிறது?"

"நின்னுபோச்சு."

அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"ரொம்ப சந்தோஷம் ஐயா," என்றாள். "நடத்தையில் நல்ல முன்னேற்றம்னு போட்டுக்கிறேன்."